காரணம் சொல்ல வேண்டாத பன்னிரண்டு பேர்

1670 செப்டம்பர் 3, சனிக்கிழமை இரவு. லண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் பன்னிரண்டு பேரை ஓர் அறையில் போட்டுப் பூட்டினார்கள். சாப்பாடு கிடையாது, தண்ணீர் கிடையாது, குளிருக்கு நெருப்பு கிடையாது, புகையிலை கிடையாது. சிறுநீர் கழிக்க ஒரு சட்டி கேட்டார்கள். அதுவும் கிடையாது.

இந்தப் பன்னிரண்டு பேரும் குற்றவாளிகள் இல்லை. ஜூரிகள். நீதிமன்றமே கூப்பிட்டு, சத்தியம் வாங்கி, உட்கார வைத்தவர்கள். அவர்கள் செய்த ஒரே தப்பு, நீதிபதிகள் எதிர்பார்த்த தீர்ப்பைச் சொல்லாமல் போனது.

வழக்கு சின்னதுதான். இங்கிலாந்துத் திருச்சபையைச் சேராதவர்கள் ஐந்து பேருக்கு மேல் கூடி வழிபடக் கூடாது என்று ஒரு சட்டம் இருந்த காலம். க்வேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் கிரேஸ்சர்ச் தெருக் கூடத்தைச் சிப்பாய்கள் மறித்துவிட்டார்கள். கூடம் இல்லாவிட்டால் என்ன, தெரு இருக்கிறதே என்று வில்லியம் பென் என்ற இளைஞர் வெளியிலேயே பிரசங்கம் செய்தார். ஆகஸ்ட் 14ஆம் தேதி அது. அவருக்கு அப்போது 25 வயது. கூடவே வில்லியம் மீட் என்ற துணி வியாபாரியையும் பிடித்தார்கள். சட்டவிரோதமாகக் கூட்டம் கூட்டிக் கலகம் விளைவித்ததாகக் குற்றச்சாட்டு.

விசாரணையின் ஆரம்பமே கூத்து. இருவரும் தொப்பியில்லாமல் உள்ளே வந்தார்கள். வாசலில் யாரோ கழற்றியிருந்தார்கள். தொப்பியை மாட்டிவிடச் சொல்லி நீதிமன்றமே உத்தரவிட்டது. மாட்டியதும், நீதிமன்றத்தில் தொப்பியோடு நிற்கிறாயா என்று ஆளுக்கு 40 மார்க் அபராதம் போட்டது. க்வேக்கர்கள் எந்த மனிதனுக்கு முன்னாலும் தொப்பியைக் கழற்ற மாட்டார்கள் என்பது ஊரறிந்த விஷயம். வேண்டுமென்றே வைத்த பொறி.

எந்தச் சட்டத்தின்படி என்மேல் வழக்கு என்று பென் கேட்டார். பொதுச் சட்டம் என்றார் ரிக்கார்டர் பதவியில் இருந்த நீதிபதி. அந்தச் சட்டத்தைக் காட்டுங்கள் என்றார் பென். கேள்வி நீண்டுகொண்டே போனது. கடைசியில் அவரை இழுத்துக்கொண்டு போய், விசாரணை காதில் சரியாக விழாத ஒரு மூலையில் அடைத்தார்கள். அங்கிருந்தே கத்தி ஜூரிகளிடம் பேசினார்.

ஜூரிகள் உள்ளே போய்விட்டு வந்து சொன்ன தீர்ப்பு இது: பென் கிரேஸ்சர்ச் தெருவில் பேசிய குற்றத்தைச் செய்திருக்கிறார். அவ்வளவுதான். சட்டவிரோதக் கூட்டம் என்றும் சொல்லவில்லை, கலகம் என்றும் சொல்லவில்லை. தெருவில் பேசுவது குற்றமே இல்லை என்பதால் இது தீர்ப்பு மாதிரி இருந்தாலும் தீர்ப்பே இல்லை. நீதிபதிகள் ஏற்கவில்லை. திரும்பப் போய் யோசித்து வரச் சொன்னார்கள். திரும்பவும் அதே பதில், கூடவே மீட் நிரபராதி என்ற சேர்க்கை. அப்போதுதான் அந்தப் பூட்டிய அறை.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்தார்கள். அதே பதில். எட்வர்ட் புஷெல் என்ற ஜூரிதான் இதற்கெல்லாம் மூளை என்று மேயர் சாமுவேல் ஸ்டார்லிங் நினைத்தார். மூக்கை அறுத்துவிடுவேன் என்று நீதிமன்றத்திலேயே மிரட்டினார். ஸ்பெயினில் மதவிசாரணை வைத்திருந்தவர்கள் எவ்வளவு புத்திசாலிகள் என்று இப்போதுதான் புரிகிறது என்றார் ரிக்கார்டர். இன்னொரு இரவும் பட்டினி. திங்கட்கிழமை காலை ஜூரிகளின் பதில் மாறியிருந்தது, ஆனால் நீதிபதிகள் விரும்பிய பக்கம் இல்லை: இருவருமே நிரபராதிகள்.

இந்த விவரங்கள் பெரும்பாலும் பென் தரப்பு அச்சிட்டு வெளியிட்ட பதிவிலிருந்து வருபவை, அதனால் கொஞ்சம் காரம் கூடியிருக்கலாம். பின்னால் நடந்ததில் சந்தேகமில்லை. ஜூரிகள் ஒவ்வொருவருக்கும் 40 மார்க் அபராதம், கட்டும்வரை நியூகேட் சிறை. ஒரு மார்க் என்பது ஒரு பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு. அந்தக் காலத்தில் சாதாரணக் குடும்பத்துக்கு 40 மார்க் பெரிய தொகை. எட்டு பேர் கட்டிவிட்டு வெளியே வந்தார்கள். புஷெலும் இன்னும் மூன்று பேரும் கட்ட மறுத்து, ஆட்கொணர்வு மனு போட்டார்கள்.

*

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். தொழில் தெரிந்த நீதிபதி இருக்கும்போது தெருவில் போகிற பன்னிரண்டு பேரை எதற்காகக் கூப்பிட வேண்டும்?

உண்மையில் யாரும் திட்டம் போட்டு உருவாக்கிய அமைப்பு இல்லை இது. அதற்கு முன்னால் ஐரோப்பாவில் கடவுளே நீதிபதி. பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் கொடுப்பார்கள், புண் ஆறினால் நிரபராதி. தண்ணீரில் போடுவார்கள், மூழ்கினால் நிரபராதி. 1215இல் கத்தோலிக்கத் திருச்சபையின் நான்காவது லாட்டரன் மகாசபை, இந்தச் சடங்குகளில் குருமார்கள் கலந்துகொள்ளக் கூடாது என்று தடை போட்டது. குரு இல்லாமல் கடவுள் எப்படித் தீர்ப்புச் சொல்வார்? ஐரோப்பாவின் பல பகுதிகளில் தொழில்முறை நீதிபதிகளும் எழுத்துமூல விசாரணையும் அந்த இடத்தைப் பிடித்தன. இங்கிலாந்தில் அக்கம்பக்கத்து ஆட்களைக் கூப்பிட்டுச் சத்தியம் வாங்கிக் கேட்கும் பழக்கம் ஏற்கெனவே நிலத் தகராறுகளில் இருந்தது. அதையே கொலைக்கும் திருட்டுக்கும் நீட்டித்தார்கள். கடவுள் உட்கார்ந்திருந்த நாற்காலியில் ஊர்க்காரர்கள் உட்கார்ந்தார்கள்.

ஒரு விஷயம் மட்டும் அந்த நாற்காலியோடு ஒட்டிக்கொண்டே வந்தது. கடவுள் காரணம் சொல்வதில்லை. ஜூரியும் காரணம் சொல்வதில்லை. குற்றவாளி, குற்றவாளி இல்லை. ஒரு சொல், அத்தோடு சரி.

காரணம் சொல்லத் தேவையில்லை, ஆனால் பிடிக்காத பதிலைச் சொன்னால் தண்டனை உண்டு என்பதுதான் 1670 வரையிலான நிலைமை. 1554இல் ராஜத்துரோக வழக்கில் நிக்கோலஸ் த்ராக்மார்ட்டனை விடுதலை செய்த ஜூரிகளை அரசி மேரியின் அரசு சிறையில் போட்டுப் பெரும் அபராதம் விதித்தது. பயந்த ஜூரி என்பது நீதிபதியின் குரலைப் பன்னிரண்டு வாயால் சொல்லும் ஏற்பாடு மட்டும்தான்.

இதைத்தான் தலைமை நீதிபதி ஜான் வான் உடைத்தார். புஷெல் வழக்கில் அதே ஆண்டு நவம்பரில் அவர் சொன்ன தர்க்கம் எளிமையானது. ஒரே சாட்சியத்தைக் கேட்டு இரண்டு பேர் இரண்டு முடிவுக்கு வருவது உலக வழக்கம். நீதிபதிக்குத் தோன்றியதுதான் ஜூரிக்கும் தோன்ற வேண்டும் என்றால் ஜூரி எதற்கு? இன்ன தீர்ப்பைத்தான் தர வேண்டும், தராவிட்டால் ஜெயில் என்றால், அந்தப் பன்னிரண்டு பேரைத் தேடிப் பிடித்து உட்கார வைப்பதே வெட்டி வேலை. ஆகவே தீர்ப்புக்காக ஒரு ஜூரியைத் தண்டிக்க முடியாது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பிடிக்காத சட்டத்தை ஜூரி மீறலாம் என்று வான் எங்கும் சொல்லவில்லை. தண்டிக்க முடியாது என்று மட்டும்தான் சொன்னார். ஆனால் காரணம் கேட்கவும் முடியாது, தண்டிக்கவும் முடியாது என்று இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். என்னை மாதிரி மென்பொருள் எழுதிப் பிழைப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். பயன்படுத்தாதே என்று விதி இருக்கிறது, பயன்படுத்தினால் தடுக்க அமைப்பில் எந்த வழியும் இல்லை. அப்படியென்றால் அந்த அதிகாரம் உங்கள் கையில் இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

*

அடுத்த முன்னூறு ஆண்டுகளில் இந்த அதிகாரம் அடிக்கடி வெளியே வந்தது.

1735, நியூயார்க். ஜான் பீட்டர் ஸெங்கர் என்ற அச்சுக்காரர் ஆளுநரைத் திட்டும் பத்திரிகையை அச்சிட்டார். அன்றைய சட்டப்படி, எழுதியது உண்மையா பொய்யா என்பது விஷயமே இல்லை. அச்சிட்டாரா என்று மட்டும் ஜூரி சொன்னால் போதும். அவருடைய வழக்கறிஞர் ஆண்ட்ரூ ஹாமில்டன் எழுந்து, ஆமாம் அச்சிட்டார் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, அது உண்மையாக இருந்தால் குற்றமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள் என்று ஜூரிகளைப் பார்த்துச் சொன்னார். விடுதலை. சட்டப் புத்தகம் மாறவில்லை. ஆனால் அந்தச் சட்டத்தை நம்பி வழக்குப் போட ஆட்சியாளர்கள் தயங்க ஆரம்பித்தார்கள்.

1850இல், தப்பி ஓடிய அடிமைகளைப் பிடித்துத் தர எல்லோரும் உதவ வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் போட்டது. அடுத்த ஆண்டே பாஸ்டன் நீதிமன்றத்திலிருந்து ஷாட்ராக் மின்கின்ஸ் என்பவரை ஒரு கூட்டம் மீட்டுக்கொண்டு போனது. மீட்டவர்கள்மேல் வழக்குகள் போட்டார்கள். ஒருவரைக்கூடத் தண்டிக்க முடியவில்லை. 1984இல் இங்கிலாந்தில் க்ளைவ் பாண்டிங் என்ற அரசு அதிகாரி, ஃபாக்லாண்ட் போரில் பெல்கிரானோ கப்பல் மூழ்கடிக்கப்பட்டது பற்றிய ஆவணங்களை ஒரு நாடாளுமன்ற உறுப்பினருக்கு அனுப்பினார். சட்டப்படி அவருக்குத் தப்பிக்க வழியில்லை என்கிற தொனியில்தான் நீதிபதி ஜூரிக்கு வழிகாட்டினார். ஜூரி விடுதலை செய்தது.

நீதிமன்றங்கள் இதை ரசிக்கவில்லை என்று சொல்லத் தேவையில்லை. நீதிபதி சொல்லும் சட்டத்தைப் பின்பற்றுவது ஜூரியின் கடமை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1895இல் ஸ்பார்ஃப் வழக்கில் தீர்த்துச் சொன்னது. இன்றும் அங்கே அதே நிலைமைதான். அதிகாரம் இருக்கிறது, ஆனால் இருக்கிறது என்று நீதிபதி உங்களிடம் சொல்ல மாட்டார்.

*

இதுவரை படித்தவர்களுக்கு ஜூரி என்றாலே ஒரு வீரக் கதை என்று தோன்றலாம். மிச்சக் கதையையும் கேட்க வேண்டும்.

1955 ஆகஸ்டில் மிசிசிப்பி மாநிலத்தில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவனைக் கடத்திக் கொன்று ஆற்றில் போட்டார்கள். செப்டம்பரில் சம்னர் என்ற சிற்றூரில் விசாரணை. பன்னிரண்டு ஜூரிகளும் வெள்ளை ஆண்கள். கறுப்பின மக்கள் அந்த மாவட்டத்தில் பெரும்பான்மை, ஆனால் வாக்காளர் பட்டியலில் ஒருவரும் இல்லை, அதனால் ஜூரிப் பட்டியலிலும் இல்லை. பெண்களுக்கு அந்த மாநிலத்தில் ஜூரி நாற்காலியே கிடையாது. சிறுவனின் பெரிய மாமா சாட்சிக் கூண்டில் எழுந்து நின்று, கடத்தியவர்களைக் கையை நீட்டி அடையாளம் காட்டினார். கறுப்பினத்தவர் ஒருவர் அங்கே அப்படிச் செய்வது உயிரைப் பணயம் வைப்பது. ஜூரி 67 நிமிடத்தில் விடுதலை என்றது. சில மாதங்களில் அந்த இரண்டு பேரும் ஒரு பத்திரிகைக்குக் காசு வாங்கிக்கொண்டு, நாங்கள்தான் கொன்றோம் என்று சொன்னார்கள். விடுதலையானவரை அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்க முடியாது. அவர்களை யாரும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

புஷெலைக் காப்பாற்றிய அதே விதிதான் சம்னர் ஜூரிகளையும் காப்பாற்றியது. காரணம் கேட்கக் கூடாது, தண்டிக்கக் கூடாது, தீர்ப்பே முடிவு. கதவு ஒன்றுதான், அதன் வழியே நியாயமும் வரும், சாதியும் வரும், நிறவெறியும் வரும்.

நமக்கு இன்னும் பக்கத்தில் ஒரு கதை இருக்கிறது. இலங்கையில் 1811இல் அலெக்சாண்டர் ஜான்ஸ்டன் என்ற நீதிபதியின் முயற்சியில் ஜூரி முறை வந்தது. இன்றும் சட்டத்தில் இருக்கிறது. ஏழு பேர், குறைந்தது ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பு. ஜூரிப் பட்டியல் மொழிவாரியானது. எந்த மொழி பேசும் ஜூரி வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை குற்றம் சாட்டப்பட்டவருக்கு. தனக்குப் புரியும் மொழியில் விசாரணை நடக்க வேண்டும் என்ற அளவில் நியாயமான ஏற்பாடுதான்.

1996 பிப்ரவரியில் திருகோணமலை மாவட்டம் குமாரபுரத்தில் பெண்கள், குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். உயிர் தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். இருபது ஆண்டுகள் கழித்து, 2016 ஜூலையில், அனுராதபுரம் உயர் நீதிமன்றத்தில் சிங்கள ஜூரி ஆறு முன்னாள் படையினரையும் விடுதலை செய்தது. அதே ஆண்டு டிசம்பரில், 2006இல் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்ட யாழ்ப்பாண நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் வழக்கில், கடற்படைப் புலனாய்வைச் சேர்ந்தவர்கள் உட்பட குற்றம் சாட்டப்பட்டவர்களைச் சிங்கள மொழி ஜூரி விடுவித்தது. தீர்ப்பு வந்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது.

ஒருவேளை சாட்சியம் போதாமல் இருந்திருக்கலாம். ஒருவேளை வேறு காரணம். ஜூரி காரணம் சொல்வதில்லை என்பதால் நமக்குத் தெரிய வழியே இல்லை. ஒரு நீதிபதி எழுதிய தீர்ப்பு என்றால் பக்கம் பக்கமாகப் படித்து, இந்த இடத்தில் தப்பு என்று விரல் வைக்கலாம். இங்கே விரல் வைக்க இடமில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய்க்கு அந்த ஒரு சொல்லைத் தவிர வேறு எதுவும் மிஞ்சுவதில்லை.

*

இந்தியாவுக்கு ஜூரி வந்தபோதே இந்தக் கேள்வியோடுதான் வந்தது: யார் யாரை விசாரிக்கலாம்? 1826ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியர்களை ஜூரியில் உட்கார விட்டது, ஆனால் கிறிஸ்தவரை விசாரிக்கும் ஜூரியில் இந்துவோ முஸ்லிமோ இருக்கக் கூடாது என்றது. ராம்மோகன் ராய் எதிர்த்தார். 1832இல் அந்தத் தடை போனது. 1883இல் இந்திய நீதிபதிகள் ஐரோப்பியர்களை விசாரிக்கலாம் என்று இல்பர்ட் மசோதா வந்தபோது கல்கத்தா வெள்ளையர்கள் கொதித்தெழுந்தார்கள். கடைசியில் ஏற்பட்ட சமரசம்: விசாரிக்கட்டும், ஆனால் ஜூரியில் பாதிப் பேராவது வெள்ளையராக இருக்க வேண்டும். நாற்காலியில் யார் என்பதுதான் எல்லாம் என்பதை ஆள்பவர்கள் நன்றாகவே புரிந்துவைத்திருந்தார்கள்.

சென்னையின் மிகப் பிரபலமான ஜூரி வழக்கு நம் வீட்டுப் பெரியவர்களுக்குக் கதையாகவே தெரியும். 1944 நவம்பரில் வேப்பேரியில் 'இந்து நேசன்' பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் குத்தப்பட்டு, மறுநாள் இறந்தார். எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். அந்தத் தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' தியேட்டரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கதாநாயகன் சிறையில். உயர் நீதிமன்றத்தில் ஒன்பது பேர் ஜூரி. பாகவதரின் பாட்டைக் கேட்காத, லட்சுமிகாந்தனின் கிசுகிசுவைப் பற்றிக் கேள்விப்படாத ஒன்பது பேரை அன்றைய மெட்ராஸில் எங்கே போய்ப் பிடிப்பது? பெரும்பான்மைத் தீர்ப்பு: குற்றவாளிகள். ஆயுள் தண்டனை. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947இல் இருவரும் விடுதலையானார்கள். பாகவதரின் திரைவாழ்க்கை அதற்குப் பிறகு நிமிரவே இல்லை.

நானாவதி வழக்கோடு இந்தியாவில் ஜூரி ஒழிந்தது என்று ஒரு நம்பிக்கை உண்டு. பாதி உண்மை. 1959இல் மனைவியின் காதலனைச் சுட்ட கடற்படை அதிகாரியை பம்பாய் ஜூரி 8க்கு 1 என்று விடுவித்தது. 'பிளிட்ஸ்' பத்திரிகை வாராவாரம் அவரை நாயகனாக்கியிருந்தது. செஷன்ஸ் நீதிபதி அந்தத் தீர்ப்பை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது. 1961இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆனால் ஜூரியை எடுத்துவிடலாம் என்று சட்ட ஆணையம் 1958லேயே பரிந்துரைத்துவிட்டது. முழுதாகப் போனது 1973ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில்.

அந்த வழக்கில் நான் கவனிப்பது வேறொன்று. ஜூரி சொன்னதை நீதிபதி ஏற்காமல் மேலே அனுப்பலாம் என்பது நம்மூர்ச் சட்டத்தில் முன்பே எழுதப்பட்டிருந்தது. லண்டனில் புஷெல் பட்டினி கிடந்து வாங்கிய உரிமை, அதே ஆட்சி காலனிக்கு ஜூரியைக் கொண்டுவந்தபோது கூட வரவில்லை. நாற்காலி வந்தது, அதன் முழு அதிகாரம் வரவில்லை. அதனால்தான் அது போனபோதும் யாரும் அழவில்லை.

*

இதெல்லாம் பழைய கதை, நமக்கு எதற்கு என்று கேட்கலாம். டொராண்டோவிலும் லண்டனிலும் நியூஜெர்சியிலும் குடியுரிமை வாங்கிய தமிழர்களின் வீட்டுக்கு ஜூரிக் கடிதம் வந்துகொண்டுதான் இருக்கிறது. கடிதம் வந்த நண்பர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: மச்சான், இதிலிருந்து எப்படிடா தப்பிக்கிறது? லீவு, சம்பளம், பிள்ளையைப் பள்ளியில் விடுவது என்று எல்லாக் கவலையும் நியாயம்தான். ஆனால் நீங்கள் தப்பித்தால் அந்த நாற்காலி காலியாக இருக்காது. இன்னொருவர் உட்காருவார். சம்னர் ஊரில் யார் உட்கார்ந்தார்கள் என்பதைவிட யாரை உட்கார விடவில்லை என்பதில்தான் தீர்ப்பு இருந்தது. ஜூரியைத் தேர்ந்தெடுக்கும்போது இனத்தைக் காரணமாக வைத்து ஒருவரை நீக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லவே 1986 ஆனது.

போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை அதிகமில்லை. நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. குற்றம் சாட்டப்பட்டவர் வாயே திறக்காவிட்டாலும் அது அவருக்கு உள்ள உரிமை. நியாயமான சந்தேகம் மிச்சமிருந்தால் அதன் பலன் அவருக்கு. வழக்கைப் பற்றி இணையத்தில் தேடக் கூடாது, இங்கிலாந்தில் அது குற்றம். அறைக்குள் பேசியதை வெளியே சொல்லக் கூடாது, கனடாவில் அது குற்றம். மற்ற பதினொரு பேரும் ஒரு பக்கம் நின்று, சீக்கிரம் முடிங்க, வீட்டுக்குப் போகணும் என்று கடிகாரத்தைப் பார்த்தாலும், உங்களுக்கு மனது ஒப்பவில்லை என்றால் தலையாட்ட வேண்டியதில்லை. ஒருமனதான தீர்ப்பு வேண்டும் என்கிற இடங்களில் அந்த ஒரு தலைக்கு முழு மதிப்பு. இங்கிலாந்தில் 1967 முதல் பத்துக்கு இரண்டு என்றால் போதும், ஆனாலும் மூன்று பேர் நின்றால் தண்டிக்க முடியாது. நீங்கள் சொல்லும் தீர்ப்புக்காக உங்களை யாரும் தண்டிக்க முடியாது.

அந்தக் கடைசி வரியை உரக்கச் சொல்லலாமா என்பது இன்னும் சண்டையாகத்தான் இருக்கிறது. 1670இன் பன்னிரண்டு ஜூரிகளின் துணிச்சலைப் போற்றி ஓல்டு பெய்லி கட்டிடத்துக்குள்ளேயே ஒரு கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். 2023 மார்ச்சில் லண்டனின் இன்னொரு நீதிமன்ற வாசலில், பருவநிலைப் போராட்டக்காரர்கள் வழக்கு நடந்துகொண்டிருந்தபோது, ஓய்வுபெற்ற ஒரு பெண்மணி அட்டை ஒன்றைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார். மனசாட்சிப்படி விடுதலை செய்ய ஜூரிகளுக்கு உரிமை உண்டு என்பதுதான் அட்டையில் இருந்த செய்தி. நீதிமன்ற அவமதிப்பு என்று அரசு அவர்மேல் நடவடிக்கை எடுக்க அனுமதி கேட்டது. ஓராண்டு கழித்து, 2024 ஏப்ரலில், உயர் நீதிமன்ற நீதிபதி அனுமதி மறுத்தார். கல்வெட்டில் இருப்பதைத்தான் அந்த அம்மா அட்டையில் எழுதியிருந்தார்.